சர்வர் ரெண்டாச்சு, வரிசையும் ரெண்டாச்சு

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கி, நான் மூச்சுக்கு மூச்சு சொல்லும் ‘அதாவது’, ‘ஓகேவா’ எல்லாவற்றையும் வெட்டி எழுத்தாக்கியது.)

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. “வெப்சைட்டுக்கு லோடு ஏறினா இன்னொரு சர்வர் போடுறோம், முன்னாடி ஒரு லோடு பேலன்சர் வைக்கிறோம். கால் சென்டர் போன் சிஸ்டத்துக்கும் அதே கதைதானே?” நானும் அப்படித்தான் நினைச்சேன். வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம், அந்த நினைப்போட ஒரு சிஸ்டத்தைக் கட்டி, லைவ்ல விட்டேன். அதுல மாட்டிக்கிட்டது நான் இல்ல, போன் பண்ணினவங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

எங்க கிளையன்ட் ஒரு மருத்துவ நிறுவனம். பேர் வேண்டாம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டயாலிசிஸ் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்ல அப்பாயின்மென்ட். மொத்தம் 60 ஏஜென்ட். எல்லாக் காலும் ஒரே ஒரு சர்வருக்கு வந்து, அங்க ஓடுற ஆஸ்டரிஸ்க் மென்பொருள் மூலமா ஏஜென்ட்டுக்குப் போகும்.

ஆஸ்டரிஸ்க் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். 1999-ல மார்க் ஸ்பென்சர்னு ஒரு அமெரிக்க மாணவர் சின்னதா ஒரு லினக்ஸ் சப்போர்ட் கம்பெனி நடத்திட்டு இருந்தார். ஆபீஸுக்கு ஒரு போன் எக்ஸ்சேஞ்ச் வாங்கலாம்னு பார்த்தா விலை கட்டுப்படியாகல. சரி, நாமளே எழுதிடுவோம்னு எழுதினதுதான் இது. திறந்த மூல மென்பொருள். ஒரு சாதாரண கம்ப்யூட்டரை போன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கிடும். “ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்” சொல்றது, ஹோல்ட் மியூசிக் போடுறது, வரிசையில நிறுத்துறது, ரெக்கார்ட் பண்றது எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு.

ஒரு திங்கட்கிழமை காலைல அந்த ஒத்தை சர்வர் மூச்சுத் திணறி நின்னுச்சு. குரல் விட்டு விட்டு வந்துச்சு, அப்புறம் மொத்தமா போச்சு. மேலிடத்துல இருந்து ஒரே வரி: “இன்னொரு சர்வர் போடுங்க.” போட்டேன். டெலிகாம் கம்பெனிகிட்ட சொல்லி, வர்ற கால்களை இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அனுப்பச் சொன்னேன். ஏஜென்ட்ல 30 பேரோட போனை முதல் சர்வர்ல பதிவு பண்ணினேன், 30 பேரை ரெண்டாவதுல. சிபியூ கிராஃப் பாதியா இறங்குச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டேன். எல்லாரும் தம்ஸ் அப்.

நாலு நாள் கழிச்சு அந்த ஃப்ளோர்ல இருக்கிற டீம் லீடர் அக்கா கூப்பிட்டாங்க. “தம்பி, ஒண்ணு கேக்கணும். கட் பண்ணிட்டு திரும்ப அடிச்சாதான் சீக்கிரம் எடுக்குறீங்கன்னு ஒரு அம்மா சொல்றாங்க. இது நாலாவது ஆள். அப்படி ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இல்லக்கா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல”ன்னு சொல்லிட்டு போனை வச்சேன். வச்சதும் வயித்துக்குள்ள ஏதோ பண்ணுச்சு. ஏன்னா அப்படித்தான் வச்சிருந்தேன். நான் கட்டின சிஸ்டம் சரியா அதைத்தான் செய்யும்.

ஒரு கால் ஏன் வெப் ரிக்வெஸ்ட் இல்ல

நீங்க ஒரு வெப் பக்கத்தைத் திறக்கிறீங்க. அரை விநாடியில வேலை முடிஞ்சது. அடுத்த கிளிக் வேற சர்வருக்குப் போனா உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஃபெயில் ஆனா ரிஃப்ரெஷ்.

போன் கால் அப்படி இல்ல. அதுல ரெண்டு விஷயம் தனித்தனியா நடக்குது. ஒண்ணு சிப். யார் யாரைக் கூப்பிடுறாங்க, மணி அடிக்குதா, எடுத்தாச்சா, வச்சாச்சா, இதையெல்லாம் பேசுற நெறிமுறை. இது கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வச்சுட்டு ஓரமா நின்னுடும். இன்னொண்ணு ஆர்டிபி. அதுதான் உண்மையான குரல். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50 பாக்கெட், ரெண்டு திசையிலும். தரகர் வேலை சுலபம். குரலைச் சுமக்கிறதுதான் பாரம்.

ரெண்டு பேர் நேரடியா பேசினா குரல் சர்வரைத் தொடாமலே போகலாம். கால் சென்டர்ல அது நடக்காது. ரெக்கார்ட் பண்ணணும், ஹோல்ட்ல போடணும், சூப்பர்வைசர் நடுவுல கேக்கணும். அதனால ஒவ்வொரு கால்லயும் சர்வருக்கு ரெண்டு கால்கள், வாடிக்கையாளர் பக்கம் ஒண்ணு, ஏஜென்ட் பக்கம் ஒண்ணு. (இந்த வரியை எழுத்துல பார்க்கும்போது ஏதோ சர்வர் நடந்து போற மாதிரி இருக்கு. தமிழ்ல இந்தத் துறையை விளக்குறதுல இது ஒரு சிக்கல்.) 300 பேர் ஒரே நேரத்துல பேசினா, 300 பெருக்கல் 2 பக்கம், பெருக்கல் 2 திசை, பெருக்கல் 50. விநாடிக்கு 60,000 பாக்கெட். அதுல பாக்கெட்டுகள் தொடர்ந்து தாமதமானா காதுக்குக் கேட்கும். வெப் பக்கம் 100 மில்லிசெகண்ட் தாமதமானா யாருக்கும் தெரியாது.

முக்கியமான விஷயம், ஒரு கால் எந்த சர்வர்ல இறங்குச்சோ, முடியுற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். இருபது நிமிஷம் காத்திருந்தா இருபது நிமிஷமும் அங்கதான். அந்த சர்வர் செத்தா அந்தக் காலும் செத்துச்சு. ஆஸ்டரிஸ்க் தன்கிட்ட இருக்கிற கால்களோட நிலையை இன்னொரு ஆஸ்டரிஸ்க்குக்கு நகலெடுத்து வைக்காது.

வரிசையும் அப்படித்தான். அதுதான் எனக்கு உறைக்கல. ஆஸ்டரிஸ்க்குக்குள்ள இருக்கிற க்யூ அந்த சர்வரோட மெமரியில இருக்கு. யார் முன்னாடி, யார் பின்னாடிங்கிறது அதுக்கு மட்டும்தான் தெரியும். நான் சர்வரை ரெண்டாக்கினதா நினைச்சேன். உண்மையில வரிசையை நடுவுல வெட்டியிருந்தேன்.

கோபன்ஹேகன்ல ஒருத்தர் அப்பவே போட்ட கணக்கு

ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர்ல நின்னிருக்கீங்களா? நாலு கவுன்ட்டர், நாலு வரிசை. நாம நிக்கிற வரிசை மட்டும் நகராது. முன்னாடி நிக்கிறவர் 500 ரூபாய்க்குச் சில்லறை கேட்டுட்டு இருப்பார். பேங்க்ல அப்படி இல்ல. டோக்கன் எடுத்துட்டு உட்காருறோம். எந்த கவுன்ட்டர் காலியானாலும் அடுத்த டோக்கன். ஒரே வரிசை.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனக்கஷ்டம் மட்டும் இல்ல, கணக்கே வேற. அந்தக் கணக்கைப் போட்டவர் ஏ.கே. எர்லாங். டென்மார்க்காரர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பார்த்தார். 1909-ல முதல் கட்டுரை, 1917-ல இன்னைக்கும் கால் சென்டர்கள் பயன்படுத்துற சூத்திரங்கள். போன் ட்ராஃபிக்கை அளக்கிற அலகுக்கே எர்லாங்னு பேர். வாட்ஸ்அப் சர்வர் எழுதின மொழி எர்லாங்தானேன்னு உங்கள்ல சிலர் கேப்பீங்க. ஆமா, அந்தப் பேருதான்.

எங்ககிட்ட 60 பேர். ஆனா கணக்கு எளிமையா இருக்க 20 ஏஜென்ட்னு வச்சுக்கலாம். மணிக்கு 360 கால், சராசரி ஒரு கால் 3 நிமிஷம். அப்படின்னா எந்த நேரத்துலயும் சராசரியா 18 பேர் பேசிட்டு இருப்பாங்க. 20 பேருக்கு 18 பேர் வேலை. கொஞ்சம் இறுக்கம், ஆனா தாங்கும். எர்லாங் சூத்திரத்துல போட்டா, ஒரே வரிசையா இருந்தா சராசரிக் காத்திருப்பு 50 விநாடி.

இப்போ இதை ரெண்டு சர்வரா வெட்டுங்க. 10 பேர், 9 பேருக்கான வேலை. விகிதம் அதேதான், ஆளும் அதே ஆள், காலும் அதே கால். காத்திருப்பு 2 நிமிஷம் ஆகும். நாலு சர்வரா வெட்டினா, ஒவ்வொண்ணுலயும் 5 பேர், காத்திருப்பு நாலரை நிமிஷத்தைத் தாண்டும்.

நான் முதல்ல இதை நம்பல. சின்னதா ஒரு சிமுலேஷன் எழுதி ஓட்டிப் பார்த்தேன். அதேதான் வந்துச்சு. காரணம் யோசிச்சா புரியும். கால்கள் சீரா வர்றதில்ல, கொத்து கொத்தா வரும். பெரிய கூட்டத்துல ஒரு கொத்தை யாராவது ஒருத்தர் வாங்கிக்குவார். சின்னக் கூட்டத்துல அந்தப் பக்கம் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் வரிசை நீளும். சர்வர் கூடக்கூட ஆளை வீணாக்குறோம். சிபியூ கிராஃப்ல இது எங்கயும் தெரியாது. பச்சையாவே இருக்கும்.

இதுக்கு மேல அந்த அம்மா சொன்ன விஷயம். வரிசை ரெண்டு, கால் மாத்தி மாத்திப் போகுது. ஒரு பக்கம் மாட்டினவர் கட் பண்ணிட்டு திரும்ப அடிச்சா அடுத்த பக்கம் விழ நல்ல வாய்ப்பு இருக்கு. அங்க ஏஜென்ட் காலி. உடனே எடுத்துட்டாங்க. அவசரப்பட்டவருக்கு லாபம். பொறுமையா “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” கேட்டுட்டு இருந்தவருக்கு நஷ்டம்.

அன்னைக்கு ராத்திரி லாக்கை இறக்கிப் பார்த்தேன். அந்த வாரத்துல பண்டிகைக்கு முந்தின நாள் ஒண்ணு இருந்துச்சு. முதல் சர்வர்ல பதிவான 30 பேர்ல 9 பேர் லீவு. ரெண்டாவது சர்வர்ல எல்லாரும் ஆஜர். கால் மட்டும் பாதிக்குப் பாதி. முதல் சர்வர்ல ஒரு கால் 19 நிமிஷம் காத்திருந்து கட் ஆகியிருந்துச்சு. நாங்க கால் உள்ள நுழைஞ்ச நொடியில இருந்தே ரெக்கார்ட் பண்ற மாதிரி வச்சிருந்தோம், அதனால காத்திருப்பும் பதிவாகியிருக்கும். கேட்டேன்.

பின்னாடி ஹோல்ட் மியூசிக். ஒரு வயசான அம்மா பக்கத்துல யார்கிட்டயோ பேசுறாங்க. “இருங்க, இன்னும் பாட்டுதான் ஓடுது.” கொஞ்ச நேரம் கழிச்சு, “நீங்க படுங்க, நான் பேசிட்டு சொல்றேன்.” அவங்க அழுத்தின ஆப்ஷன் டயாலிசிஸ். அந்த 19 நிமிஷத்துல ரெண்டாவது சர்வர்ல எந்த நேரத்துல பார்த்தாலும் ஆறேழு ஏஜென்ட் சும்மா இருந்திருக்காங்க. ஒரே ஃப்ளோர்ல, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில.

காலைல டீம் லீடர் அக்காகிட்ட அந்த நம்பரைக் கொடுத்து, நடந்ததையும் சொன்னேன். அவங்களே கூப்பிட்டுப் பேசி, அன்னைக்கு சாயங்காலமே ஸ்லாட் போட்டுக் கொடுத்தாங்க. என்கிட்ட ஒண்ணும் திட்டல. “எப்போ சரியாகும் தம்பி?”ன்னு மட்டும் கேட்டாங்க.

மூளையை வெளிய எடுக்கிறது

முதல்ல செய்யத் தோணினது குறுக்கு வழி. எல்லா ஏஜென்ட் போனையும் ரெண்டு சர்வர்லயும் பதிவு பண்ணிடலாம். ரெண்டு க்யூவும் அதே 60 பேருக்கு மணி அடிக்கட்டும். டெஸ்ட்ல அரை மணி நேரம் கூடத் தாங்கல. ஏஜென்ட் இந்த சர்வர் கால்ல பேசிட்டு இருக்கார்னு அந்த சர்வருக்குத் தெரியாது, மணி அடிக்குது. இந்த நிலையை சர்வருக்கு சர்வர் பகிர்ந்துக்க ஆஸ்டரிஸ்க்ல வழி இருக்கு. அதைப் போட்டா “இவர் பிசி”ங்கிறது ரெண்டு பக்கமும் தெரியும். ஆனா “அடுத்தது யார்”ங்கிறது தெரியாது. வரிசை இன்னும் ரெண்டுதான்.

கடைசியா செஞ்சது, வேலையை மூணா பிரிச்சது.

வாசல்ல கமைலியோ. இது தரகர் வேலையை மட்டும் பார்க்கிற சிப் சர்வர். குரலைத் தொடாது, அதனால ஒரே மெஷின் பெரிய கூட்டத்தைச் சமாளிக்கும். பெர்லின்ல எழுதின எஸ்.இ.ஆர்.ங்கிற மென்பொருளோட வழித்தோன்றல், ஓபன்சிப்ஸ்னு அதுக்கு ஒரு பங்காளியும் உண்டு. டெலிகாம்ல இருந்து வர்ற கால் இங்க வந்து, எந்த ஆஸ்டரிஸ்க்குக்குப் போகணும்னு முடிவாகும். ஏஜென்ட் போன்களும் ஆஸ்டரிஸ்க்ல இல்லாம இங்கதான் பதிவாகும்.

பின்னாடி ஆஸ்டரிஸ்க் சர்வர்கள். இதுங்க இப்போ வெறும் கை கால். காலைப் பிடிச்சு வச்சுக்கும், பாட்டுப் போடும், சொன்னா இணைக்கும், ரெக்கார்ட் பண்ணும். முடிவெடுக்காது. ஆஸ்டரிஸ்க் 12-ல இருந்து ஏ.ஆர்.ஐ.னு ஒரு வசதி இருக்கு. வெளியில ஓடுற புரோகிராம் ஒண்ணு, உள்ள இருக்கிற காலை இயக்கலாம்.

அந்த வெளிப் புரோகிராம்தான் மூணாவது, மூளை. கால் எந்த சர்வர்ல இறங்கினாலும் மூளைகிட்ட ஒரு டோக்கன் வாங்கும். ஒரே வரிசை. ஏஜென்ட் காலியானதும் மூளை வரிசையில முதல் டோக்கனை எடுத்து, அந்தக் கால் இருக்கிற ஆஸ்டரிஸ்க்கிட்ட “இந்த ஏஜென்ட்டைக் கூப்பிடு”ன்னு சொல்லும். அது கமைலியோ வழியா கூப்பிடும். ஏஜென்ட் எந்த சர்வருக்கும் சொந்தமில்லாததால, சர்வருக்கு சர்வர் காலைத் தூக்கிட்டு ஓட வேண்டியதில்ல.

விசிடயல் பயன்படுத்தினவங்க இங்க கை தூக்குவீங்க. அதுவும் ஆஸ்டரிஸ்க் மேல கட்டினதுதான், அதுலயும் பல சர்வர், நடுவுல ஒரே டேட்டாபேஸ். ஆனா அதுல ஏஜென்ட் ஷிப்ட் ஆரம்பத்துல ஒரு சர்வர்ல கான்ஃபரன்ஸ் மாதிரி ஒரு அறைக்குள்ள நுழைஞ்சு அங்கயே இருப்பார். கால் வேற சர்வர்ல இருந்தா அங்கிருந்து இங்க ஒரு இணைப்பு போடணும். ரெண்டு சர்வர்னா பாதிக் கால்களுக்கு அது தேவைப்படும், நாலுன்னா முக்கால்வாசிக்கு. கூடுதல் சுமைதான். ஆனா லாபமும் உண்டு. ஏஜென்ட்டோட லைன் ஏற்கெனவே திறந்திருக்கு, மணி அடிக்கிற நேரம் மிச்சம். எங்க முறையில ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு விநாடி போகுது. வெளியே ஆயிரக்கணக்குல டயல் பண்றவங்களுக்கு அந்த ரெண்டு விநாடி பெருசு, எங்களுக்கு இல்ல. அதனால எங்க முறைதான் சரின்னு சொல்ல மாட்டேன்.

இதைக் கட்டின பிறகும் வரிசை சரியாகல. ரெண்டு நாள் மண்டையைக் குழப்பின ஒரு பிழை. ரெண்டாவது சர்வருக்கு வந்தவங்க எல்லாரும் கொஞ்சம் முன்னாடியே போறாங்க. கோடை வரிவரியா படிச்சேன், ஒண்ணும் இல்ல. கடைசியில பார்த்தா அந்த சர்வரோட கடிகாரம் 40 விநாடி பின்னாடி ஓடுது. டோக்கன்ல வந்த நேரத்தை அந்தந்த சர்வரே எழுதிக் கொடுத்துச்சு. ரெண்டாவது சர்வர்ல 10:01-க்கு வந்தவர் டோக்கன்ல 10:00:20-ன்னு எழுதியிருக்கும். மத்தவங்களை 40 விநாடி முந்திக்கிட்டார். கடிகாரத்தைச் சரி பண்ணினேன். அதோட, நேரத்தை நம்புறதையே விட்டுட்டேன். மூளையே ஒரு எண் கொடுக்கும். 4817-க்கு அப்புறம் 4818. பேங்க்ல இருக்கிற மெஷின் செய்யுறதும் அதேதான்.

காலியா இருக்கிறவன் எல்லாம் நல்லவன் இல்ல

இன்னொரு விபத்து. கமைலியோகிட்ட “எந்த ஆஸ்டரிஸ்க்ல கால் குறைவோ அங்க அனுப்பு”ன்னு சொல்லியிருந்தேன். நியாயமான விதிதானே. இடையிடையே ஒவ்வொரு ஆஸ்டரிஸ்க்கிட்டயும் “இருக்கியா?”ன்னு ஒரு பிங் போகும், அது “இருக்கேன்” சொல்லும்.

ஒரு மதியம் மூணாவது சர்வர்ல ரெக்கார்டிங் சேர்ந்து டிஸ்க் நிரம்பிடுச்சு. கால் உள்ள வரும், ரெக்கார்டிங் தொடங்க முடியாது, என் ஸ்கிரிப்ட் தடுமாறி காலைத் துண்டிச்சுடும். பிங் கேட்டா மட்டும் “இருக்கேன்”. இப்போ யோசிச்சுப் பாருங்க. வர்ற காலை எல்லாம் துண்டிக்கிற சர்வர்ல எத்தனை கால் இருக்கும்? சைபர். எந்த சர்வர்ல கால் குறைவு? அதுலதான். அடுத்த கால் எங்க போகும்? அங்கதான். நல்லா வேலை செய்யுற ரெண்டு சர்வரையும் விட்டுட்டு, ஊர் கால் மொத்தமும் அந்தக் குழிக்குள்ள போய் விழுந்துச்சு. ஆறு நிமிஷம்.

அதுக்கப்புறம் பிங்குக்கு வர்ற “இருக்கேன்” பதிலை நான் நம்புறதில்ல. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பொய்க் கால் உண்மையாவே போகும். பாட்டு ஓடுதா, ரெக்கார்டிங் ஃபைல் உருவாச்சா, டோக்கன் கிடைச்சுதான்னு பார்க்கும். இல்லேன்னா அந்த சர்வரை வரிசையில இருந்து எடுத்துடும். கூடவே, ஒரு சர்வர்ல மூணு விநாடிக்குள்ள முடியுற கால்கள் திடீர்னு கூடினா, அதுக்கும் அலாரம்.

ஒரு சர்வரை அப்டேட் பண்ணணும்னா என்ன செய்யறதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஆஸ்டரிஸ்க்ல “கோர் ஸ்டாப் கிரேஸ்ஃபுல்லி”ன்னு ஒரு கட்டளை இருக்கு. புதுக் கால் வாங்காது, இருக்கிற கால் எல்லாம் முடிஞ்சதும் தானா நிக்கும். “கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்”னும் ஒண்ணு உண்டு. வசதிப்பட்டா பண்ணுப்பான்னு சொல்ற மாதிரி. கால்களே இல்லாத நேரத்துக்காகக் காத்திருக்கும், பிசியான சர்வர்ல அது ராத்திரிதான் வரும். நாங்க முதல்ல கமைலியோகிட்ட “இங்க புதுசா அனுப்பாதே”ன்னு சொல்லுவோம், அப்புறம் கிரேஸ்ஃபுல்லி. அரை மணி நேரத்துல சர்வர் காலியாகும். யாரோட காலும் கட் ஆகாது.

மூளை ஒண்ணுதானே, அது செத்தா? நல்ல கேள்வி. ரெண்டாவது ஒண்ணு தயாரா நிக்குது. ரெண்டும் போச்சுன்னா, ஒவ்வொரு ஆஸ்டரிஸ்க்கும் தன்னோட பழைய உள் க்யூவுக்குத் திரும்பிடும், தனக்குன்னு ஒதுக்கின ஏஜென்ட்களோட. அதாவது நான் முதல்ல கட்டின அதே மோசமான சிஸ்டம். ஆனா போனை எடுக்கவாவது எடுக்கும்.

அப்புறம் ஒரு சங்கடமான உண்மை. அந்தத் திங்கட்கிழமை ஒத்தை சர்வர் ஏன் திணறிச்சுன்னு பின்னாடி நிதானமா பார்த்தேன். ரெக்கார்டிங்கை எல்லாம் அப்போதைக்கு அப்போ அதே மெஷின்லயே எம்பி3 ஆக்கிட்டு இருந்தோம். அதை வேற மெஷினுக்கோ, ராத்திரிக்கோ தள்ளியிருந்தா 60 ஏஜென்ட்டை அந்த ஒரு சர்வரே அசால்ட்டா தாங்கியிருக்கும். ஒத்தை சர்வர் செத்தா எல்லாமே போகும்ங்கிறதுக்காக ரெண்டாவது எப்படியும் வேணும்தான். ஆனா அவசர அவசரமா அன்னைக்கே போட்டிருக்க வேண்டியதில்ல.

வயரைப் பிடுங்கிப் பார்த்தது

கால் கட் ஆனவங்களுக்கும் ஏதாவது செய்யணும்னு டீம் லீடர் அக்கா விடாம சொல்லிட்டே இருந்தாங்க. அதனால ஒண்ணு சேர்த்தோம். காத்திருக்கும்போது லைன் போச்சுன்னா, அந்த நம்பரோட டோக்கனை மூளை அஞ்சு நிமிஷம் வச்சிருக்கும். அதுக்குள்ள அதே நம்பர்ல இருந்து திரும்ப வந்தா பழைய இடத்துலயே நிக்கலாம். நாமளா கட் பண்ணினாலும் சரி, எங்க சர்வர் செத்தாலும் சரி. ஆபீஸ் போர்டு நம்பர்ல இருந்து பல பேர் கூப்பிட்டா இது குழம்பும், அதுக்கு இன்னும் நல்ல தீர்வு இல்ல. ஆனா கட் பண்ணிட்டு திரும்ப அடிக்கிற தந்திரத்துக்கு இனிமே லாபம் கிடையாது.

நான் இப்போ பார்க்கிற முதல் கிராஃபும் அதுதான். சராசரிக் காத்திருப்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷத்துக்குள்ள அதே நம்பர்ல இருந்து திரும்ப வர்ற கால் எத்தனைன்னு பார்ப்பேன். அது ஏறினா எங்கயோ வரிசை உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, ஒரு ஆஸ்டரிஸ்க் சர்வரோட நெட்வொர்க் வயரைப் பிடுங்கினோம். அதுல இருந்த 14 கால் கட் ஆச்சு. அதுல 12 பேர் அஞ்சு நிமிஷத்துக்குள்ள திரும்ப வந்து, அவங்கவங்க இடத்துல நின்னாங்க. பேசிட்டு இருந்தவங்களுக்கு முதல் இடம்னு வச்சிருந்தோம், அதுவும் வேலை செஞ்சுது. ரெண்டு பேர் வரவே இல்ல.

அந்த ரெண்டு நம்பருக்கும் நானே பண்ணினேன். ஒருத்தர் எடுத்து, “சார், நான் கேஸ் புக் பண்ண அடிச்சேன், ராங் நம்பர்”னார். இன்னொருத்தர் எடுக்கல. திங்கட்கிழமை காலைல அக்காகிட்ட அந்த நம்பரைக் கொடுத்துட்டு வந்தேன்.

அடுத்த எபிசோட்ல அந்த ரெக்கார்டிங் ஃபைல்கள் பத்தி பேசலாம். எங்க வைக்கிறது, எத்தனை நாள் வைக்கிறது, யார் கேக்கலாம். நான் அன்னைக்கு ராத்திரி அந்த அம்மாவோட குரலைக் கேட்டேனே, அதைக் கேக்க எனக்கு அனுமதி இருந்துச்சான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அங்க இருந்து ஆரம்பிக்கலாம்.